ஒரே எண்ணில் ஒரு நாடு

ஒரே வீடு, ஒரே ஆள், ஒரே இணையதளம். மடிக்கணினியில் வீட்டு வைஃபை வழியாகத் திறந்தால் ‘ஆக்சஸ் டினைடு’ என்ற இரண்டு சொற்களோடு ஒரு வெள்ளைப் பக்கம் வந்து நிற்கிறது. அதே தளம் கைபேசியில், சிம் கார்டின் டேட்டாவில், எந்தத் தடங்கலும் இல்லாமல் திறக்கிறது. உட்கார்ந்திருப்பவர் கடவுச்சொல்லைத் தவறாக அடிக்கவில்லை, யாரோடும் வம்புக்குப் போகவில்லை. பிள்ளையின் தேர்வு முடிவைப் பார்க்கவோ ஒரு கட்டுரையைப் படிக்கவோ போனவர். ‘நான் என்ன தப்பு செய்தேன்?’ என்று அவர் கேட்பது நியாயம்தான்.

பெரும்பாலும் அவர் எதையும் செய்திருக்க மாட்டார். அந்தத் தளத்துக்கு அவரைத் தெரியவே தெரியாது. அது எதைப் பார்த்துத் தடுத்தது என்று கண்டுபிடித்தால், திரும்ப உள்ளே போகும் வழியும் அநேகமாகக் கிடைத்துவிடும்.

சர்வருக்குப் போய்ச் சேரும் அடையாளங்கள்

ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அந்தத் தளத்தின் சர்வருக்கு ஒரு கோரிக்கை போகிறது. அதில் பெயர் இருக்காது, முகம் இருக்காது. கட்டாயம் இருப்பது ஐபி முகவரி என்ற ஓர் எண். கேட்ட பக்கத்தை எந்த இணைப்புக்குத் திருப்பி அனுப்புவது என்று சர்வருக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. 203.0.113.25 என்பதுபோல நான்கு துண்டுகளாக அதை எழுதுவார்கள். எண்ணே இல்லாமல் எந்தத் தளத்தையும் பார்க்க முடியாது. வேண்டுமானால் இடையில் வேறொருவருடைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். விபிஎன் செய்வது அதைத்தான்.

கூடவே பிரௌசர் எனப்படும் உலாவியும் தன்னைப் பற்றிச் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறது: அதன் பெயர், பதிப்பு, இயங்குதளம், விருப்ப மொழி. தளத்தின் நிரல் விசாரித்தால் திரையின் அளவு, நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், நேர மண்டலம் எல்லாம் கிடைக்கும். தனித்தனியே பார்த்தால் அற்பமான விவரங்கள். சேர்த்துப் பார்த்தால் அப்படியில்லை. எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க உரிமை அமைப்பு 2010-இல் ஏறத்தாழ 4.7 லட்சம் உலாவிகளின் விவரங்களை ஒப்பிட்டது. அவற்றில் சுமார் 84% உலாவிகளின் விவரத் தொகுப்பு வேறெந்த உலாவியோடும் ஒத்துப்போகவில்லை. இந்தத் தொகுப்பை உலாவிக் கைரேகை என்று சொல்லலாம்.

மூன்றாவது அடையாளம் நடத்தை. நிமிடத்துக்கு எத்தனை பக்கம் கேட்கிறது, எந்த வரிசையில் கேட்கிறது, படங்களையும் சேர்த்துக் கேட்கிறதா, எழுத்தை மட்டும் உருவிக்கொண்டு போகிறதா என்பதையெல்லாம் சர்வர் கவனிக்கிறது.

இவை மூன்றையும் சேர்த்து, வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு நற்பெயர் மதிப்பெண் போடப்படுகிறது. இந்தக் கணக்கைப் பெரும்பாலான தளங்கள் தாங்களே போடுவதில்லை. கிளவுட்ஃபிளேர், அகமாய் போன்ற நிறுவனங்கள் லட்சக்கணக்கான தளங்களுக்கு முன்னால் நின்று, வரும் கோரிக்கைகளை வடிகட்டி அனுப்புகின்றன. ஒரு தளத்தில் சந்தேகத்துக்கு ஆளான முகவரி, அதே நிறுவனம் காக்கும் வேறொரு தளத்திலும் சந்தேகத்தோடு பார்க்கப்படுவது இதனால்தான்.

மூன்று அடையாளங்களில் எதுவுமே ஆளைக் குறிப்பதில்லை. ஐபி முகவரி ஓர் இணைப்பைக் குறிக்கிறது. கைரேகை ஒரு கருவியை. நடத்தை, அந்த இணைப்பிலிருந்து வந்த எல்லாருடைய நடத்தையையும் கலந்த ஒன்றை. இந்தக் கலப்படம் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு பழைய சம்பவம் நன்றாகக் காட்டுகிறது.

2007 புத்தாண்டில் கத்தாரில்

அன்றைய விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்காமலே யாரும் ஒரு கட்டுரையைத் திருத்தலாம். அப்படித் திருத்தினால், திருத்தியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் அவருடைய ஐபி முகவரி பதிவாகும். கட்டுரைகளில் வேண்டுமென்றே கெட்ட வார்த்தையையோ பொய்யையோ நுழைப்பவர்கள் எப்போதும் உண்டு. எச்சரித்தும் கேட்காவிட்டால், நிர்வாகிகள் அந்த முகவரியைக் கொஞ்ச காலத்துக்குத் தடுத்துவைப்பார்கள். தினமும் நூற்றுக்கணக்கில் நடக்கும் வேலை இது.

2007 புத்தாண்டையொட்டி, ஆங்கில விக்கிப்பீடியாவில் விஷமத் திருத்தங்களுக்காக அப்படி ஒரு முகவரி தடுக்கப்பட்டது. நிர்வாகியின் திரையில் அதுவும் மற்ற எண்களைப் போன்ற ஓர் எண்தான். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது ஒரு வீடோ அலுவலகமோ அல்ல, கிட்டத்தட்ட கத்தார் நாடு முழுவதும்.

அப்போது கத்தாரில் இணையச் சேவை கியூடெல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. இன்று ஊரிடூ என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் அது. நாட்டின் இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி பிராக்ஸி என்னும் இடைநிலை சர்வர் வழியாக வெளியே போனது. பயனர் கேட்கும் பக்கத்தைப் பிராக்ஸியே தன் எண்ணில் கேட்டு வாங்கி, பிறகு பயனரிடம் கொடுக்கும். தோஹாவில் ஒரு மாணவி கேட்டாலும், எண்ணெய் நிறுவன அலுவலகத்தில் ஒரு பொறியாளர் கேட்டாலும், நாகப்பட்டினத்திலிருந்து போய் அங்கே கடையில் வேலை பார்ப்பவர் கேட்டாலும், விக்கிப்பீடியாவுக்குத் தெரிவது ஒரே எண்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு லட்சம் பேர் இருப்பதாகக் கொள்வோம். ஆயிரத்தில் ஒருவர் மட்டும் விஷமி. அவரும் மாதம் ஒரு முறைதான் கைவரிசையைக் காட்டுகிறார். மொத்தம் 100 விஷமிகள், மாதத்துக்கு 100 விஷமங்கள், நாளுக்கு மூன்றுக்கு மேல். தளத்தின் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவருக்கோ, ஒரே ‘ஆள்’ தினமும் மூன்று முறை வந்து கட்டுரைகளைக் கெடுத்துவிட்டுப் போவதாகத்தான் தோன்றும். எத்தனை முறை எச்சரித்தாலும் திருந்தாத ஆள்! பார்ப்பவர் அந்த எண்ணைத் தடுத்தால், 100 பேரோடு 99,900 பேருக்கும் சேர்த்து வழி அடைபடும். மிக ஒழுக்கமான ஊர்கூட, ஒரே எண்ணுக்குள் அடைக்கப்பட்டால் பெரிய போக்கிரியாகத் தெரியும்.

‘விக்கிப்பீடியா கத்தாரையே தடைசெய்துவிட்டது’ என்று செய்தி பரவியது. அல் ஜசீரா தொலைக்காட்சியின் தலைமையகம் தோஹாவில் இருப்பதால் செய்திக்குக் காரம் கூடியது. உண்மையில் கத்தாரில் யாரும் விக்கிப்பீடியாவைப் படிப்பதற்குத் தடையில்லை. கணக்கில்லாமல் திருத்துவதற்குத்தான் தடை. விஷயம் புரிந்ததும் அரை நாளளவில் தடை நீக்கப்பட்டது. அந்த எண்ணுக்கான பக்கத்தில், இது ஒரு நாட்டின் பொது முகவரி என்று நிர்வாகிகளுக்கு எச்சரிக்கைக் குறிப்பும் இடம்பெற்றது.

குறிப்பு எழுதிவைத்தால் மட்டும் சிக்கல் தீராது. விஷமம் செய்தவரை மட்டும் தனியே பிரித்தெடுக்க வழி வேண்டும். அப்படி ஒரு வழி இருக்கிறது: பிராக்ஸி சர்வர், தான் யாருக்காகக் கேட்கிறது என்ற உள் முகவரியையும் கோரிக்கையின் தலைப்பில் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்பலாம். ஆனால் அந்த வரியை எவரும் பொய்யாகவும் எழுதலாம் என்பதால், நம்பத்தக்க பிராக்ஸிகள் எவை என்று விக்கிப்பீடியா ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. பட்டியலில் உள்ளவர் சொன்னால் மட்டுமே உள் முகவரியை ஏற்கும். ஆக, கத்தார் சிக்கலுக்கு முழுத் தீர்வு விக்கிப்பீடியாவின் கையில் மட்டும் இல்லை. இணையச் சேவை நிறுவனமும் ஒத்துழைக்க வேண்டும்.

ஈராண்டு கழியுமுன் பிரிட்டனில் இதே கதை வேறு வடிவில் நடந்தது. 2008 டிசம்பரில், ஒரு பழைய இசைத்தட்டின் அட்டைப்படம் சட்டவிரோதமாக இருக்கக்கூடும் என்று அங்குள்ள கண்காணிப்பு அமைப்பு ஒன்று அந்தப் படம் இருந்த ஒரு விக்கிப்பீடியா கட்டுரையைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்த ஒரு பக்கத்தைப் பிரித்துத் தடுப்பதற்காக, பெரிய இணையச் சேவை நிறுவனங்கள் விக்கிப்பீடியாவுக்குப் போகும் போக்குவரத்து முழுவதையும் சில பிராக்ஸிகள் வழியே திருப்பிவிட்டன. உடனே லட்சக்கணக்கான பிரிட்டிஷ் வாசகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில எண்களுக்குள் சுருங்கினார்கள். விஷமிகளைத் தடுக்கப்போய், கணக்கில்லாத எல்லாரும் திருத்த முடியாமல் போயிற்று. நான்கு நாளில் அந்த அமைப்பு தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

429 கோடி போதவில்லை

கத்தார் அன்று விதிவிலக்கு. இன்று அதே நிலை நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

நான்கு துண்டு ஐபி முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடிதான் சாத்தியம். உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது; ஒருவரிடமே இரண்டு மூன்று கருவிகள். உலகப் பொது இருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலிலேயே ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. பங்கீடு தொடக்கத்திலிருந்தே சமமாக இருக்கவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி என்ற ஒரு கல்வி நிறுவனத்திடம் மட்டும் 1.6 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் பல ஆண்டுகள் இருந்தன. 2017-இல்தான் அதில் பாதியளவை விற்க முன்வந்தது. இணையத்துக்குப் பிந்தி வந்த ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி.

மிச்சத்தை வைத்து ஒப்பேற்றக் கண்டுபிடித்த வழிதான் முகவரிப் பகிர்வு. தொலைத்தொடர்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் பலரை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றை நினைத்துக்கொண்டால் போதும். வாசலில் ஒரே கதவு எண், உள்ளே நூறு அறைகள். வரும் கடிதங்களை எந்த அறைக்குக் கொடுப்பது என்று மேலாளருக்குத் தெரியும். வெளியே இருப்பவருக்குக் கதவு எண் மட்டும்தான் தெரியும். பக்கத்து மெஸ்ஸில் ஓர் அறைக்காரர் பாக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டால், ‘அந்த மேன்ஷன் ஆளுக்குக் கடன் கிடையாது’ என்று பலகை மாட்டுவார்கள். நேற்றுத்தான் ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய பையனுக்கும் அது பொருந்தும்.

இதன் விளைவைக் கிளவுட்ஃபிளேர் நிறுவனமே 2025-இல் அளந்து வெளியிட்டது. பலர் பகிரும் முகவரிகள், பகிராத முகவரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு அடிக்கடி, ‘குறுகிய நேரத்தில் அதிகம் கேட்கிறது’ என்ற வேகக் கட்டுப்பாட்டுக்கு ஆளாகின்றன. பகிரும் முகவரிகளில் கெட்ட நடத்தை அந்த அளவுக்கு அதிகம் என்பது இதற்குக் காரணமில்லை. ஓர் எண்ணுக்குப் பின்னால் தலைகள் அதிகம், அவ்வளவுதான். இந்தத் தண்டனை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மலிவு டேட்டாவை நம்பியிருப்பவர்கள் மேல்தான் அதிகம் விழுகிறது. தொழில்நுட்பச் சிக்கலாகத் தெரியும் இது, அடிப்படையில் ஓர் அநீதி.

நிரந்தரத் தீர்வு ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. எண்ணிக்கைப் பஞ்சமே அதில் கிடையாது. 2016-இல் ஜியோ தன் வலைப்பின்னலை ஐபிவி6 முறையில் விரிவாகத் தொடங்கியதிலிருந்து, இந்தியா இம்முறையின் பயன்பாட்டில் உலகின் முன்வரிசைக்கு வந்திருக்கிறது. ஆனாலும் பழைய எண்ணை மட்டுமே புரிந்துகொள்ளும் தளங்கள் ஏராளம். அவற்றைத் திறக்கும்போது கைபேசி மறுபடியும் பகிர்ந்த எண் வழியாகத்தான் போக வேண்டும். தொடக்கத்தில் சொன்ன வீட்டில் வைஃபைக்கு ஒரு பதில், டேட்டாவுக்கு ஒரு பதில் வருவது ஏன் என்பது இப்போது விளங்கும். இரண்டும் வெவ்வேறு எண்கள். அவற்றுக்கு வெவ்வேறு வரலாறுகள்.

தடுக்காமல் இருந்தால் என்ன?

தளங்கள் ஏன் இவ்வளவு பதறுகின்றன என்று கேட்கலாம். காலை 10 மணிக்குத் தட்கல் டிக்கெட் போட முயன்றவர்களுக்கு விடை அனுபவமாகவே தெரியும். தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில், உள்நுழையும் முயற்சிகளில் 50% வரை தானியங்கி நிரல்களுடையவை என்று ரயில்வே அமைச்சகம் 2025 ஜூனில் அறிவித்தது. பாட் என்று இவற்றைச் சொல்கிறார்கள். சந்தேகத்துக்குரிய 2.5 கோடி பயனர் கணக்குகளை முடக்கியதாகவும் அதே அறிவிப்பு சொன்னது. பாட்டைத் தடுக்காவிட்டால், பண்டிகைக்கு ஊருக்குப் போகக் காத்திருக்கும் குடும்பத்தின் இடம் பறிபோகும். தடுப்பு சற்றுக் கடுமையானால், அதே குடும்பம் வாசலிலேயே நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் சரியான புள்ளியைப் பிடிப்பது எளிதல்ல.

சில தளங்களுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க இணையம் முழுவதையும் அள்ளும் நிரல்கள் பெருகியதால், தன் படங்கள், காணொளிகளுக்கான தரவுப் போக்குவரத்து 2024 ஜனவரியிலிருந்து 50% கூடிவிட்டது என்று விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் கணக்குக் காட்டியது. அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் 65% பாட்களுடையது. வாசகர் கொடுக்கும் நன்கொடையில் ஓடும் அமைப்பு அது. ஒரு தன்னார்வலர் தன் கைக்காசில் நடத்தும் சின்னத் தளம் இந்தச் சுமையில் ஒரே நாளில் படுத்துவிடும்.

‘நான் ரோபோ அல்ல’

சந்தேகம் வந்ததும் தடுத்துவிடாமல், முதலில் சோதித்துப் பார்க்கும் வழக்கம் 1997-இல் அல்டாவிஸ்டா தேடுபொறியில் தொடங்கியது. கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஃபான் ஆன், மானுவெல் பிளம் குழுவினர் இந்த முறைக்குக் கேப்ச்சா என்று பெயர் சூட்டினார்கள். 2007-இல் வந்த ரீகேப்ச்சா இன்னொரு படி மேலே போனது: பழைய நூல்களிலும் செய்தித்தாள்களிலும் கணினியால் படிக்க முடியாத சொற்களை மக்களிடம் காட்டி, சோதனையையே நூல்களை மின்னாக்கம் செய்யும் பணியாக மாற்றியது. 2009-இல் அதைக் கூகுள் வாங்கிக்கொண்டது.

இன்று அந்தச் சோதனையில் தோற்பது மனிதர்கள்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கேப்ச்சாவை மனிதர்களைவிட வேகமாகவும் பிழையில்லாமலும் பாட்கள் முடித்துவிடுகின்றன. பார்வையற்றவர்களுக்கோ இது ஆரம்பம் முதலே அடைத்த கதவு. அதனால் தளங்கள் மெல்ல வேறு பக்கம் நகர்ந்துவிட்டன. ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கும்போது, அந்த டிக் பெரிய விஷயமே இல்லை. அதற்கு முன்னால் சுட்டி நகர்ந்த விதம், தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் குக்கி என்ற சிறு குறிப்புகளின் வயது, ஐபி முகவரியின் வரலாறு ஆகியவற்றை வைத்து முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 2024 முதல் போலிக் கேப்ச்சா மோசடி பரவியிருக்கிறது. ‘நீங்கள் மனிதர் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு ஒட்டுங்கள்’ என்று அந்தப் பக்கம் சொல்லும். சொன்னபடி செய்தால், தீய நிரல் ஒன்றைத் தன் கணினியில் தானே ஓடவிட்டதாகிவிடும். உண்மையான எந்தச் சோதனையும் உலாவிக்கு வெளியே போய் எதையும் செய்யச் சொல்லாது.

வீட்டுக்குள்ளிருந்தே போகும் கோரிக்கைகள்

பக்கத்து அறைக்காரர் மேல் மட்டும் பழி போட முடியாது. சில சமயம் காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

2016-இல் மிராய் என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கண்காணிப்புக் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்து, அவற்றைத் தாக்குதல் படையாக மாற்றியது. அந்த அக்டோபரில் தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் அந்தப் படை பாய்ந்தபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. படம் வழக்கம்போலத் தெரிந்துகொண்டிருந்தது.

இன்னும் நுட்பமான வேலை இலவச விபிஎன் செயலிகளில் நடந்தது. 911 எஸ்5 என்ற கும்பல், சில இலவச விபிஎன்கள் மூலம் வீட்டுக் கணினிகளுக்குள் புகுந்து, அவற்றின் ஐபி முகவரிகளைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை இதை முடக்கியபோது, 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள் சிக்கியிருந்தது வெளிவந்தது. காசு வாங்காத விபிஎன் எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தச் சேவை எந்த வருமானத்தில் ஓடுகிறது என்று தெரியாவிட்டால், அதை நீக்குவதே நல்லது.

தடைப் பக்கத்தில் இருக்கும் எண்

தடுக்கும் பக்கத்தை எரிச்சலில் மூடிவிடுகிறோம். அதில்தான் துப்பு இருக்கிறது. 403 என்றால் ‘உங்கள் கோரிக்கை புரிந்தது, ஆனால் அனுமதியில்லை’. முகவரியோ உலாவியோ கணக்கோ சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கலாம். 429 என்றால் ‘குறுகிய நேரத்தில் அதிகம் கேட்டுவிட்டீர்கள்’. இது வேகக் கட்டுப்பாடு, தானாகவே விலகும். 503 பெரும்பாலும் சர்வரின் சொந்தக் கஷ்டம், பார்வையாளருக்குச் சம்பந்தமில்லை. கிளவுட்ஃபிளேர் காக்கும் தளங்களில் நான்கு இலக்க எண்ணும் வரும்: 1015 வேகக் கட்டுப்பாடு, 1020 தளத்தின் பாதுகாப்பு விதியில் சிக்கியது, 1009 பார்வையாளரின் நாடே தடுக்கப்பட்டது. பக்கத்தின் அடியில் ‘ரே ஐடி’ என்று நீளமாக ஓர் அடையாளக் குறி இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

451 என்ற எண் தனி ரகம். சட்டக் காரணத்தால் கிடைக்காத பக்கத்துக்காக 2016-இல் முறையான தரமாக வெளியிடப்பட்ட எண் இது. புத்தகங்களை எரிக்கும் உலகத்தைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை நினைவூட்டும் விதமாக வைக்கப்பட்டது. 2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், சிகாகோ டிரிப்யூன் போன்ற அமெரிக்க நாளிதழ்கள் ஐரோப்பிய வாசகர்களை ஒட்டுமொத்தமாக நிறுத்திவைத்தன. சட்டத்துக்கு ஏற்பத் தளத்தை மாற்றுவதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

நாட்டை வைத்துத் தடுப்பதில் பிழையும் நேரும். ஐபி முகவரியில் ஊர் எழுதியிருக்காது. சில நிறுவனங்கள் ஊகித்துப் பட்டியல் போட்டு விற்கின்றன. அப்படிப்பட்ட மேக்ஸ்மைண்ட் நிறுவனம், அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் மையத்தை ஒட்டி ஒரு புள்ளியைக் குறித்துவைத்தது. அந்தப் புள்ளி கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் போய் விழுந்தது. 60 கோடி முகவரிகள் அந்த வீட்டின் பெயரில்! யாரோ எங்கோ செய்த குற்றங்களுக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் போலீஸும் ஏமாந்தவர்களும் அந்தப் பண்ணையின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2016-இல் ஒரு பத்திரிகையாளர் துருவிய பிறகுதான் காரணம் புரிந்தது.

திரும்ப உள்ளே போக

முதல் வேலை, கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. 429 வந்த பக்கத்தை மறுபடி மறுபடி ‘ரீஃப்ரெஷ்’ செய்தால், ஒவ்வொரு அழுத்தலும் இன்னொரு கோரிக்கையாகப் பதிவாகும். சில தளங்களில் தடைக் காலமும் நீளும். கடவுச்சொல்லைப் பலமுறை தவறாகப் போட்டதால் வரும் தடைக்கும் இதுவே மருந்து. சர்வர்களில் பரவலாகப் பயன்படும் ஃபெயில்2பேன் என்ற காவல் நிரல், யாரும் மாற்றாதவரை, 10 நிமிடத்துக்குள் ஐந்து முறை தவறினால் 10 நிமிடம் தடுக்கிறது. ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தால் தீர்ந்தது.

நேரம் கழித்தும் திறக்காவிட்டால், எந்த அடையாளம் மாட்டிக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதே மடிக்கணினியைக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துத் திறக்கலாம். திறந்தால் வீட்டு இணைப்பின் ஐபி முகவரிதான் காரணம். அங்கும் திறக்காமல், கைபேசியின் உலாவியில் மட்டும் திறந்தால் மடிக்கணினியின் உலாவி காரணம். இரண்டிலும் திறக்காமல், கணக்கிலிருந்து வெளியே வந்ததும் திறந்தால் கணக்குக்குத்தான் தடை. இந்தச் சோதனைக்குச் சில நிமிடம் போதும். கண்டபடி எல்லாவற்றையும் அழித்து மாற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

உலாவி காரணம் என்றால், விளம்பரத் தடுப்பான் முதலிய நீட்சிகளை நிறுத்திப் பார்க்கலாம். அந்தத் தளத்தின் குக்கிகளை மட்டும் அழிக்கலாம். உலாவியைப் புதுப்பிப்பதும், கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பார்ப்பதும் அடுத்தது. மிகப் பழைய உலாவியின் பெயரைப் பல பாட்கள் பொய்யாகச் சூடிக்கொள்வதால், பழைய கணினி வைத்திருப்பவர் உண்மையைச் சொல்லியும் பொய்யராகத் தெரிகிறார். வேறு வழியில்லாமல் பழைய கணினியை ஓட்டும் பள்ளிகளை நினைத்தால் இது வருத்தம் தரும் விஷயம்.

ஐபி முகவரி காரணம் என்றால், முதலில் விபிஎன்னை அணைக்க வேண்டும். கைபேசி டேட்டாவில் ஃபிளைட் மோடைப் போட்டு எடுத்தால், பல சமயம் வேறு பொது எண் கிடைக்கும். வீட்டு ரவுட்டரைச் சற்று நேரம் அணைத்துப் போட்டாலும் சில இணைப்புகளில் எண் மாறும். மாறிய எண்ணும் சில நாளில் தடைக்கு ஆளானால், வீட்டுக்குள்ளிருக்கும் ஏதோ ஒரு கருவியே கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டிருக்கலாம். ரவுட்டர், கேமரா கடவுச்சொற்களை மாற்றுவது, பெயர் தெரியாத டிவி பெட்டியைக் கழற்றுவது, இலவச விபிஎன்னை நீக்குவது அப்போதுதான் பலன் தரும். முகவரி ஸ்பாம்ஹவுஸ் போன்ற பொதுத் தடைப்பட்டியலில் ஏறியிருந்தால், அவர்கள் தளத்திலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நீக்கக் கட்டணம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு நீக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

அரசு உத்தரவின்படி இணையச் சேவை நிறுவனமே தடுத்த தளம் என்றால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் அப்படிப்பட்ட உத்தரவுகள் வருகின்றன. அதை எதிர்க்க வேண்டிய இடம் நீதிமன்றம். விதியை மீறியதற்காக ஒருவருடைய கணக்கைத் தளமே முடக்கியிருந்தாலும், எண்ணை மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியே போவது நிலைமையை மோசமாக்கும். மேல்முறையீடு செய்வதுதான் வழி.

மற்ற எல்லா இடத்திலும், கடைசி வழி தளத்தாருக்கு எழுதுவது. பலர் ‘உங்கள் தளம் திறக்கவில்லை’ என்று ஒரே வரி எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த நிர்வாகியாலும் எதையும் தேட முடியாது. எந்தப் பக்கம், என்ன எண் வந்தது, ரே ஐடி இருந்தால் அது, தன் பொது ஐபி முகவரி, நடந்த தேதியும் நேரமும் ஆகியவை போதும். நேரத்தோடு ‘இந்திய நேரம்’ என்று சேர்ப்பது முக்கியம். சர்வர் பதிவேடுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடினால் அந்தக் கோரிக்கை அகப்படாது. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யார் கேட்டாலும் எழுதக் கூடாது.

தடை வருமென்று முன்கூட்டியே தெரிந்தால், முன்கூட்டியே எழுதலாம். விக்கிப்பீடியாவில் ஓர் ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதிய கணக்குகள்தான் தொடங்கலாம் என்பது வழக்கமான வரம்பு. கல்லூரியில் தமிழ் விக்கிப்பீடியா பயிற்சிப் பட்டறை வைத்து, நாற்பது மாணவர்கள் ஒரே வைஃபையில் உட்கார்ந்தால், ஏழாவது மாணவருக்கே தடை வந்துவிடும். அனுபவமுள்ள ஒருங்கிணைப்பாளர்கள் பட்டறைக்குச் சில நாள் முன்பே கல்லூரியின் ஐபி முகவரி, தேதி, எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொடுத்து, அந்த ஒரு நாளுக்கு வரம்பை உயர்த்தித் தரும்படி கேட்டுவிடுகிறார்கள். அல்லது மாணவர்களை வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கிவிட்டு வரச் சொல்கிறார்கள்.